யாரோ கரையேறுவார்கள் என்று: நியூசிலாந்தின் தென்கோடித் தீவுகளில்

ஞாயிறு, பிளஃப்

இன்று பிற்பகல் முழுவதும் கப்பலின் ஓய்வறையில் சோதனை நடந்தது. காலணியின் அடிப்பக்கப் பள்ளங்களை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தோம். சட்டைப்பைகளை வெளியே இழுத்து உதறினோம். கேமராப் பையின் மூலைகளில் வேக்குவம் குழாயை ஓட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கையுறைப் பட்டையில் ஒரு புல்விதை ஒட்டிக்கொண்டிருந்தது. எள்ளளவுகூட இருக்காது. சோதனை செய்த பெண் அதை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு மூடிய பிறகுதான் அவரை விட்டார்.

நியூசிலாந்தின் தெற்கு முனையில் இருக்கிறது பிளஃப். எதிரே ஸ்டூவர்ட் தீவில் ஒரு சிற்றூர். அதைக் கடந்துவிட்டால் அண்டார்க்டிகா வரைக்கும் ஊர் என்று ஒன்று கிடையாது. நடுவே நியூசிலாந்துக்குச் சொந்தமான ஐந்து தீவுக் கூட்டங்கள் இருக்கின்றன: ஸ்னேர்ஸ், ஆக்லாந்து, கேம்பெல், ஆன்டிபடீஸ், பவுண்டி. 1998-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போவது முதல் மூன்றுக்கு. ஆக்லாந்து என்றதும் வடக்கே இருக்கும் பெருநகரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1806-இல் இந்தத் தீவுகளைக் கண்ட ஆபிரகாம் பிரிஸ்டோ என்ற திமிங்கில வேட்டைக் கேப்டன், முதலாம் ஆக்லாந்து பிரபுவின் பெயரை இவற்றுக்கு வைத்தார். நகரத்துக்கு வைத்த பெயர் அந்தப் பிரபுவின் மகனுடையது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த அதே ஆக்லாந்து.

கப்பலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பறவைகளைப் பார்க்க வந்தவர்கள். எனக்கும் பறவை ஆசை உண்டு. ஆனாலும் நான் வந்தது அங்கே கரையொதுங்கிய மனிதர்களுக்காக. 1850-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த பிறகு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பிய பாய்மரக் கப்பல்கள் தெற்கே இறங்கி, ஓயாமல் அடிக்கும் மேலைக்காற்றைப் பிடித்து, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் போயின. அந்தப் பாதையின் குறுக்கே ஆக்லாந்து தீவுகள் கிடந்தன. மூடுபனியிலும் இருட்டிலும் கப்பல் மேல் கப்பலாக வந்து மோதின. அப்படி மோதி, உயிரோடு கரையேறக்கூடிய, இன்னார் என்று இன்னும் தெரியாத ஒரு மனிதருக்காக நியூசிலாந்து அரசு இந்தத் தீவுகளில் குடில்கள் கட்டியது. அவற்றில் கம்பளித் துணியும் பிஸ்கட்டும் தீப்பெட்டியும் வைத்தது. கரையேறியவர் வழி தெரியாமல் செத்துவிடக் கூடாது என்று ஆங்காங்கே கைகாட்டி மரங்களை நட்டது. சுமார் அரை நூற்றாண்டு இந்த ஏற்பாடு நடந்தது. இதைப் படித்ததிலிருந்து, ஒரு கைகாட்டி நின்ற கரையிலாவது ஒரு முறை நிற்க வேண்டும் என்று இருந்தேன்.

திங்கள், ஸ்னேர்ஸ்

இங்கே யாரும் தரையில் இறங்கக் கூடாது. ரப்பர் படகில் கரையோரமாகவே சுற்றினோம். அலை பெரிது. கேமராவை எடுக்கும் கை கயிற்றை விட மறுத்தது.

பாறைச் சரிவு ஒன்றில் பெங்குவின்கள் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன. தலையில் மஞ்சள் கொண்டை வைத்த, இந்தத் தீவுக்கே உரிய இனம். சரிவின் மேலே அவை மரக்காட்டுக்குள் நுழைந்து மறைகின்றன. பெங்குவின் காட்டுக்குள் போவதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஸ்னேர்ஸில் எலி இல்லை, பூனை இல்லை, பன்றி இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. மாலையில் இலட்சக்கணக்கில் கடற்பறவைகள் திரும்பிவந்து வானத்தை மூடின. மற்ற தீவுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். இந்த இரைச்சலை மனதில் வைத்துக்கொண்டுதான் நாளை முதல் மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும்.

மனிதர்கள் இங்கேயும் கைவிடப்பட்டார்கள். 1810-இல் ஒரு சீல் வேட்டைக் கப்பல் நான்கு பேரை இறக்கிவிட்டுப் போனது. 1817-இல் இன்னொரு கப்பல் வந்து மீட்கும் வரை அவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டும் பறவைகளைத் தின்றும் நாட்களை ஓட்டினார்கள். மீட்கப்பட்டபோது மூவர்தான் இருந்தார்கள்.

செவ்வாய், கார்ன்லி துறைமுகம், ஆக்லாந்து தீவு

காற்று பலமாக இருந்ததால் கேப்டன் திட்டத்தை மாற்றி முதலில் தீவின் தெற்குப் பக்கத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சி. கிராஃப்டன் என்ற கப்பல் உடைந்த இடம் இங்கேதான் இருக்கிறது.

பழைய எரிமலை ஒன்றுக்குள் கடல் புகுந்து உண்டான உள்கடல் இது. பெயரில்தான் துறைமுகம். ஒரு மேடை, ஒரு விளக்கு, எதுவும் இல்லை. ராட்டா மரங்கள் காற்றுக்கு முதுகை வளைத்து நீர்விளிம்பு வரைக்கும் வந்து நிற்கின்றன. இந்த மாதத்தில் அவை சிவப்பாகப் பூத்திருக்கின்றன. வடக்குக் கிளையில் படகை நிறுத்தி, கற்கள் நிறைந்த ஒரு சிறு கரையைக் காட்டினார்கள். கற்களுக்கு நடுவே கறுத்துப்போன சில மரக்கட்டைகள். ஒன்றில் துரு வழிந்து மரத்தோடு ஊறியிருந்தது. கிராஃப்டனில் மிஞ்சியது அவ்வளவுதான்.

1863 நவம்பரில் சிட்னியிலிருந்து ஐந்து பேர் அந்தச் சிறு கப்பலில் கிளம்பினார்கள். கேம்பெல் தீவில் வெள்ளி கலந்த வெள்ளீயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் சீல் தோலாவது சேருமா என்று இங்கே நுழைந்தார்கள். 1864 ஜனவரி 3 அன்று புயலில் நங்கூரம் பிடிக்காமல் கப்பல் பாறையில் ஏறியது. கேப்டன் தாமஸ் மஸ்கிரேவ் அமெரிக்கர். துணைக்கு வந்த பிரான்சுவா ரேனால் பிரெஞ்சுக்காரர். மாலுமிகளில் ஒருவர் நார்வேக்காரர், ஒருவர் ஆங்கிலேயர். சமையல்காரர் அசோர்ஸ் தீவைச் சேர்ந்த போர்த்துகீசியர். ரேனால் அப்போது நோயில் படுத்திருந்தார். நார்வேக்காரர் அவரை முதுகில் சுமந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைசேர்த்தார். பின்னால் எல்லோரையும் காப்பாற்றியது அந்த நோயாளியின் கைவேலைதான்.

உடைந்த கப்பலின் பலகைகளால் 24 அடிக்கு 16 அடியில் ஒரு வீடு கட்டினார்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் புகைபோக்கி பூசினார்கள். சாம்பலையும் சீல் எண்ணெயையும் காய்ச்சி ரேனால் சோப்பு செய்தார். ராட்டா பட்டையில் சீல் தோலைப் பதனிட்டுச் செருப்பு தைத்தார். உணவுக்குச் சீல் இறைச்சி, மட்டி, பறவை. கூடவே இந்தத் தீவுகளில் வளரும் அகல இலைச் செடி ஒன்றின் கிழங்கு.

வீட்டுக்கு ஒரு தலைவரை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். மஸ்கிரேவுக்கே அந்தப் பொறுப்பு கிடைத்தது. சண்டை மூட்டினால் வாக்கெடுத்து அவரை நீக்கவும் மற்றவர்களுக்கு உரிமை இருந்தது. ஒரு கப்பல் கேப்டன், அதுவும் 1864-இல், இதற்குச் சம்மதித்தார் என்பது எனக்குச் சோப்பையும் சுண்ணாம்பையும்விடப் பெரிய செய்தி. மாலையில் பள்ளிக்கூடம் நடந்தது. எழுத்து தெரியாதவருக்கு மற்றவர்கள் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரவர் மொழியை மற்றவர் கற்றார்கள். சீட்டு விளையாட்டில் மனத்தாங்கல் வந்ததும் ரேனால் தாம் செய்த சீட்டுக்கட்டைத் தாமே நெருப்பில் போட்டுவிட்டார்.

நான்கு மாதத்தில் திரும்பாவிட்டால் தேடி வருவதாகச் சிட்னியில் உறுதி சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் ரேனால் சீல் தோலால் துருத்தி கட்டி, உலை மூட்டி, ஆணிகளும் கருவிகளும் அடித்தார். கப்பலின் சிறு படகை நீட்டி உயர்த்தினார்கள். அதில் ஐவருக்கு இடமில்லை. 1865 ஜூலை 19 அன்று மூவர் கிளம்பி, நடுக் குளிர்காலக் கடலில் ஐந்து நாள் போராடி ஸ்டூவர்ட் தீவை அடைந்தார்கள். மற்ற இருவரை மீட்க அரசுக் கப்பல் கிடைக்கவில்லை. பிளஃபுக்கு அருகிலிருக்கும் இன்வர்கார்கில் ஊர் மக்கள் பணம் திரட்டி ஒரு சிறு கப்பலை அமர்த்திக் கொடுத்தார்கள். மஸ்கிரேவ் தாமே அதில் ஏறித் திரும்பிவந்து இருவரையும் அழைத்துப்போனார். ஐவரும் பிழைத்தார்கள்.

இதே உள்கடலில் 1939-இல் எர்லாங்கன் என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பல் ஒளிந்திருந்தது. போர் தொடங்கும் தறுவாயில் டனீடினிலிருந்து கிளம்பிய அதனிடம் நிலக்கரி போதுமான அளவு இல்லை. மாலுமிகள் ராட்டா மரங்களை வெட்டி விறகாக ஏற்றிக்கொண்டு சிலி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1941 முதல் போர் முடியும் வரை நியூசிலாந்து இங்கே இரகசியக் காவல் நிலையங்களை வைத்திருந்தது. காவலர்கள் ஓர் எதிரிக் கப்பலைக்கூடப் பார்க்கவில்லை. பறவைகளையும் செடிகளையும் கவனித்து அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அறிவியலுக்குப் பயன்பட்டன.

புதன், போர்ட் ராஸ்

தீவின் வடமுனை. நேற்றைய கதையின் மறுபாதி இங்கே இருக்கிறது.

கிராஃப்டன் ஆட்கள் தெற்கே வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தபோதே, 1864 மே மாதத்தில், இதே தீவின் வடமேற்கில் இன்வர்கால்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் மோதியது. 25 பேரில் 19 பேர் கரையேறினார்கள். ஓராண்டுக்குப் பிறகு வேறொரு கப்பல் தற்செயலாக வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர்: கேப்டன், துணை அதிகாரி, ராபர்ட் ஹோல்டிங் என்ற மாலுமி. மற்றவர்கள் பசியிலும் குளிரிலும், ஒருவரையொருவர் விட்டுவிட்டுப் பிரிந்து போனதிலும் இறந்தார்கள். இரு கூட்டத்துக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலையும் முட்புதரும். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது.

ஐவருக்கும் 19 பேருக்கும் உள்ள வேறுபாட்டைக் குணத்தின் வேறுபாடாக மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கிராஃப்டன் ஆட்களுக்கு உடைந்த கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது: பலகை, பாய்த்துணி, கருவி, துப்பாக்கி. இன்வர்கால்ட் சில நிமிடங்களில் நொறுங்கிப்போனது. ஏறக்குறைய வெறுங்கையோடு செங்குத்துப் பாறையின் அடியில் விழுந்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஹோல்டிங் ஒருவர் மட்டும் விடாமல் மட்டி தேடினார், குடிசை போட்டார், மற்றவர்களை எழுப்பி நடக்கவைக்கப் பார்த்தார் என்பதும் உண்மை. தலைமை தாங்க வேண்டிய அதிகாரிகள் அதைச் செய்யவில்லை.

நடந்து நடந்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் ஓர் ஊரின் மிச்சம் இருந்தது. ஹார்ட்விக் என்ற அந்தக் குடியேற்றத்தைத் திமிங்கில வணிகர் சார்லஸ் எண்டர்பி 1849 டிசம்பரில் தொடங்கினார். ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்தார்கள். மண் புளிப்பேறிய கரிமண். விதைத்தது விளையவில்லை. திமிங்கிலமும் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. 1852-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். யாருமில்லாத தீவு என்று நம்பி வந்தவர்களை வரவேற்றது, 1842-இலேயே நியூசிலாந்துக்குக் கிழக்கே இருக்கும் சாத்தம் தீவுகளிலிருந்து வந்து குடியேறியிருந்த மாவோரிகள். அவர்களோடு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மொரியோரிகளும், அதாவது சாத்தம் தீவுகளின் பூர்வகுடிகளும், இருந்தார்கள். 1856-க்குள் அவர்களும் போய்விட்டார்கள்.

இன்று ஊர் இருந்த இடம் முழுக்க ராட்டா காடு. கால் வைத்தால் பாசி அமுங்கித் தண்ணீர் கசிகிறது. வேலிக்குள் ஒரு சிறு இடுகாடு இருக்கிறது. ஹார்ட்விக்கில் இறந்த ஒரு கைக்குழந்தையின் தலைமாட்டில் சாணைக்கல் ஒன்றைக் கல்லறைக் கல்லாக நட்டிருக்கிறார்கள். கத்தி தீட்டும் கல். ஊரில் செதுக்குவதற்கு வேறு நல்ல கல் கிடைக்கவில்லை போலும். பக்கத்திலேயே, ஹார்ட்விக் இடிபாட்டுக் குடிசையில் மஸ்கிரேவின் மீட்புக் குழு கண்டெடுத்த இன்வர்கால்ட் மாலுமியின் சடலமும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் அருகில் ஒரு எழுதுபலகை கிடந்தது. அதிலிருந்த எழுத்து படிக்க முடியாதபடி அழிந்திருந்தது.

அந்தச் சடலம் மஸ்கிரேவை உறங்கவிடவில்லை. இன்னும் யாராவது இருப்பார்கள் என்று வற்புறுத்தினார். 1865 அக்டோபரில் விக்டோரியா அரசு தன் போர்க்கப்பலான விக்டோரியாவைக் கேப்டன் நார்மன் தலைமையில் அனுப்பியது. வழிகாட்டியாக மஸ்கிரேவும் போனார். அவர்கள் கரையோர ராட்டா மரம் ஒன்றில் பட்டையைச் சீவி, கப்பலின் பெயரையும் கரையொதுங்கியவர்களைத் தேடி வந்திருப்பதையும் தேதியையும் செதுக்கினார்கள். அந்த மரத்தை இன்று பார்த்தேன். பட்டை நான்கு பக்கமும் உதடு போல் வளர்ந்து எழுத்துகளின் ஓரத்தை மூடிக்கொண்டு வருகிறது. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது சில எழுத்துகள் நிழலில் எழும்பின. தேடிப் போனவர்கள் உயிரோடு யாரையும் காணவில்லை. ஆனால் இனி வருபவர்கள் பசியால் சாகக் கூடாது என்று ஆடுகளையும் முயல்களையும் தீவுகளில் விட்டுப்போனார்கள். பன்றிகளைப் பிரிஸ்டோ 1807-இலேயே விட்டிருந்தார்.

மறு ஆண்டே ஜெனரல் கிராண்ட் வந்தது. மெல்பர்னிலிருந்து லண்டனுக்குத் தங்கமும் கம்பளியும் ஏற்றி வந்த கப்பல். 1866 மே 14 அன்று காற்றில்லாமல் மிதந்து மேற்குக் கரையின் குகைக்குள் போய்ச் சிக்கியது. 83 பேரில் 15 பேர் தப்பினார்கள். அவர்களிலும் நால்வர் திசைகாட்டி இல்லாத படகில் உதவி தேடிப் போய்த் திரும்பவேயில்லை. இன்னொருவர் தீவிலேயே இறந்தார். 1867 நவம்பரில் அம்ஹர்ஸ்ட் என்ற கப்பல் பத்துப் பேரை மீட்டது. தங்கத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. நான் பேச விரும்புவது அம்ஹர்ஸ்டைப் பற்றி. 1868-இல் சவுத்லாந்து மாகாண அரசு அதே கப்பலை அமர்த்தி, தீவுகளில் உதவிப் பெட்டிகளை வைக்க அனுப்பியது. ஒரு பெட்டியின் மேல், கப்பலோடு வந்திருக்கும் எவனாவது இதை உடைத்தால் விதவையின் சாபமும் தகப்பனில்லாப் பிள்ளையின் சாபமும் அவன் மேல் விழட்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வாசகத்தை எழுதியவர் விதவைகளை நேரில் பார்த்தவர் என்றே நினைக்கிறேன்.

வியாழன், எண்டர்பி தீவு

பிரதான தீவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் சிறு தீவு. மணற்கரையில் இறங்கியதும் முதலில் மூக்குக்குத் தெரிந்தது, பிறகுதான் கண்ணுக்கு: நூற்றுக்கணக்கான கடல் சிங்கங்கள். உலகில் அரிய கடல் சிங்க இனங்களில் ஒன்று. சாம்பல் நிறப் பெண்கள் கூட்டமாகப் படுத்திருக்க, கறுத்த பிடரியோடு ஆண்கள் அவற்றைச் சுற்றிக் காவல் நின்றன. பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கின. ஒரு குட்டி மட்டும் தனியாக எழுந்து, எங்கள் வழிகாட்டியின் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டு, புல்மேட்டின் பள்ளத்தில் தலையை நுழைத்துக்கொண்டது. இந்தப் பழக்கம்தான் அவற்றுக்கு எமனாக இருந்தது. கரையொதுங்கியவர்களுக்கு உணவாகட்டும் என்று 1865-இல் விட்ட முயல்கள் இந்த மேட்டையே வளைகளாகக் குடைந்தன. குட்டிகள் வளைக்குள் புகுந்து, பின்னால் வரத் தெரியாமல், உள்ளேயே இறந்தன. ஆண்டுதோறும் இது நடந்தது.

மேட்டின் ஓரத்தில் ஸ்டெல்லா குடில் நிற்கிறது. 1880-இல் கட்டியது. கூரையே தரைவரை இறங்கி வரும், ஆள் குனிந்து நுழைய வேண்டிய மரக்குடில். உள்ளே எட்டிப் பார்த்தேன். நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம். பலகைகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். விக்டோரியா மரத்தடியில் அடக்கிவைத்தது இங்கே கண்ணில் வந்துவிட்டது.

குடில் எல்லோரையும் காப்பாற்றவில்லை. 1887 மார்ச்சில் டெர்ரி காசில் என்ற கோதுமைக் கப்பல் இந்தத் தீவின் வடகரையில் உடைந்து, 23 பேரில் 8 பேர் கரையேறினார்கள். அரசு உதவிப் பொருட்களை வைத்திருந்த கிடங்கைத் தேடி வந்து திறந்தபோது அதில் இருந்தது ஒரு புட்டி உப்பு. மற்றதையெல்லாம் யாரோ திருடியிருந்தார்கள். அலையில் ஒதுங்கிய கோதுமையைத் தின்று உயிர் பிடித்து, கிடைத்த பலகையில் ஒரு தெப்பம் கட்டி, போர்ட் ராஸ் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிடங்குத் துணிகளைத் திருடுபவர்களைப் பிடிப்பதற்காக, எளிதில் அடையாளம் தெரியும் தனி வடிவ நெசவில் அரசு உடைகளைத் தைத்துவைத்தது. துறைமுகத்தில் யார் அதை உடுத்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

1993-இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை நஞ்சு வைத்தும் நாய்களைக் கொண்டும் கடைசி முயல்வரை ஒழித்தது. அதற்கு முன்னரே 1894 முதல் இங்கே மேய்ந்த மாடுகளையும் அகற்றியிருந்தது. இன்று நாங்கள் நடந்த பலகைப் பாதையின் இரு பக்கமும் மஞ்சள் பல்பினெல்லா பூக்கள் இடுப்புயரத்துக்கு நிற்கின்றன. படங்களில் பார்த்த பழைய எண்டர்பி ஒட்டக் கடித்த புல்தரை. அப்போது எலும்பும் மணலுமாகத் தெரிந்த சரிவுகளில் இப்போது தரையே தெரியவில்லை.

இதே கரையில் 600, 700 ஆண்டுகளுக்கு முன் பாலினேசியர்கள் அடுப்பு மூட்டிய தடயங்களும் கிடைத்திருக்கின்றன. வெப்ப மண்டலத்துக் கடலோடிகளின் வழித்தோன்றல்கள் எந்தப் படகில், என்ன உடுத்திக்கொண்டு இவ்வளவு தெற்கே வந்தார்கள் என்று அந்த இடத்தில் நின்று வெகுநேரம் யோசித்தேன்.

வெள்ளி, கடலில்

ஐந்து மீட்டர் அலை. சாப்பாட்டு மேசைகளில் பாதி காலி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

டன்டொனால்ட் கதையைச் சொல்லாமல் ஆக்லாந்து தீவுகளை விட்டுப் போக மனம் வரவில்லை. 1907 மார்ச் 7 அன்று அந்தக் கப்பல் மேற்கே இருக்கும் டிஸப்பாயின்ட்மென்ட் என்ற குட்டித் தீவில் மோதியது. 28 பேரில் 16 பேர் பாறையைப் பிடித்து ஏறினார்கள். துணை அதிகாரி சில நாட்களில் இறந்தார். மரமே இல்லாத தீவு. மற்ற 15 பேரும் மண்ணில் குழி தோண்டி, மேலே புல் வேய்ந்து, அல்பட்ராஸ் இனப் பறவைகளைத் தின்று குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள். பறவை எலும்பை ஊசியாக்கிப் பாய்த்துணியைத் தைத்தார்கள். கோணல்மாணலான புதர்க்கிளைகளைப் பின்னி, மேலே பாய்த்துணியை இழுத்துக் கட்டி, ஒரு படகு செய்தார்கள். எட்டுக் கிலோமீட்டர் கடலை அதில் கடந்து, காட்டுக்குள் நாட்கணக்கில் நடந்தவர்களுக்குக் கடைசியில் போர்ட் ராஸ் கிடங்கு கிடைத்தது. உள்ளே உணவு, துணி, கூடவே ஒரு நல்ல படகு. அதை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களை அழைத்துவந்தார்கள். நவம்பரில் அரசு நீராவிக் கப்பல் ஹினமோவா வழக்கமான சுற்றில் வந்தபோது 15 பேரும் கரையில் நின்றார்கள்.

கிடங்குகளுக்கு ஆன செலவு வீணா என்று அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கு இந்த 15 பேர் போதும். பனாமா கால்வாயும் நீராவிக் கப்பலும் வானொலியும் வந்த பிறகு பாய்மரப் பாதை ஓய்ந்தது. 1920-களின் இறுதியில் கிடங்கு ஏற்பாடும் நின்றது.

சனி, கேம்பெல் தீவு

ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் இடம். இன்றும் பெய்தது.

1810-இல் இதைக் கண்ட கேப்டன் ஹாசல்பரோ அதே ஆண்டு இதே துறைமுகத்தில் படகு கவிழ்ந்து மூழ்கினார். அவரோடு எலிசபெத் ஃபார் என்ற இளம்பெண்ணும் இறந்தார். சீல் வேட்டையாடிகள் கொண்டுவந்த எலி ஏறக்குறைய எல்லாச் சிறு பறவைகளையும் தின்றது. 1895-இல் ஆட்டுப் பண்ணை தொடங்கி, 1931-இல் இலாபமில்லை என்று ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வானிலை நிலையத்தில் 1995 வரை ஆட்கள் இருந்தார்கள். இப்போது கருவிகள் மட்டுமே.

பிறகு நடந்ததுதான் என்னை இங்கே இழுத்தது. ஆடுகளை அகற்றினார்கள். 2001-இன் குளிர்காலத்தில் ஹெலிகாப்டர்கள் கடலைத் தாண்டி வந்து எலிகளைக் கொல்ல நஞ்சு கலந்த 120 டன் இரையுணவைத் தீவு முழுவதும் தூவின. 11,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. ஒரு ஜோடி எலி தப்பினாலும் அத்தனையும் பாழ். 2003-இல் நாய்களோடு வந்து தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. முற்றிலும் அழிந்துவிட்டதாக நினைத்த பறக்காத வாத்தினம் ஒன்று 1975-இல் பக்கத்திலிருக்கும் டென்ட் தீவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 2004-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளான் ஒன்று யாரும் கொண்டுவராமல், எலி எட்டாத ஷாக்மார் என்ற குன்றுத் தீவிலிருந்து தானே பறந்து வந்து குடியேறியது.

கணவாய்க்கு ஏறும் பாதையில், கையெட்டும் தூரத்தில் ஒரு ராயல் அல்பட்ராஸ் கூட்டில் இருந்தது. மழைத்துளி அதன் வெள்ளைத் தலையில் உருண்டு அலகு வழியாகச் சொட்டியது. இறக்கையை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல். அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. சுற்றிலும் முட்டைக்கோஸ் அளவு இலையும் ஊதாப் பூவுமாகப் பெருஞ்செடிகள். 1840-இல் அண்டார்க்டிகா பயணி ஜேம்ஸ் ராஸின் கப்பலில் வந்த தாவரவியலர் ஜோசப் ஹூக்கர் இவற்றைப் பார்த்து எழுதிய விவரணையை ஆடு மேய்ந்த காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கீழே வளைகுடாவில் ஒரு தனி ஸ்புரூஸ் மரம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்டது. அடுத்த மரம் 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஆக்லாந்து தீவுகளில். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கதிரியக்கக் கார்பன் உச்சத்தைத் தொட்டது 1965-இல் என்பதை இதன் வளையங்களிலிருந்து படித்திருக்கிறார்கள்.

ஞாயிறு, கடலில்

வடக்கே திரும்பிவிட்டோம். நாள் முழுவதும் உறக்கம். கப்பலைத் தொடர்ந்து வந்த அல்பட்ராஸ்கள் மாலைக்குள் குறைந்துவிட்டன.

திங்கள், இன்வர்கார்கில்

நண்பகலுக்கு இறங்கி இந்த ஊருக்கு வந்தேன். மஸ்கிரேவுக்காகப் பணம் திரட்டிய ஊர். இந்த ஊருக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது.

1807-இல் விட்ட பன்றிகளின் வழித்தோன்றல்கள் ஆக்லாந்து பிரதான தீவில் இன்றும் திரிகின்றன. பெருஞ்செடிகளைத் தோண்டித் தின்கின்றன, எட்டும் கூடுகளையெல்லாம் அழிக்கின்றன. பூனையும் சுண்டெலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. 1999-இல், அரிய கால்நடை இனங்களைப் பாதுகாப்பவர்கள் அந்தப் பன்றிகளில் 17-ஐப் பிடித்து இன்வர்கார்கிலுக்குக் கொண்டுவந்தார்கள். இரு நூற்றாண்டுகளாக வேறு பன்றிகளோடு சேராததால், வழக்கமாகப் பன்றிகளிடம் இருக்கும் பல கிருமிகள் இவற்றிடம் இல்லை என்று தெரிந்தது. இவற்றின் கணையச் செல்களை நீரிழிவு நோயாளிகளுக்குப் பொருத்தும் ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்கியது. கப்பல் உடைந்தவனுக்கு உணவாகட்டும் என்று விட்டவர் இதை எண்ணியிருக்க முடியாது.

அந்த மந்தை இங்கே பத்திரமாக இருக்கட்டும். தீவில் இருப்பவை போக வேண்டும். தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆக்லாந்து தீவு 46,000 ஹெக்டேர், கேம்பெலைப் போல நான்கு மடங்கு. பன்றி, பூனை, சுண்டெலி மூன்றையும் அகற்றுவது எப்படி என்று தீவிலேயே சோதித்துப் பார்த்துத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். தேவை பணம். நிதி திரட்டும் அறக்கட்டளைக்கு இன்று மாலை என்னால் இயன்றதை அனுப்பிவிட்டேன். வேலை தொடங்கும் செய்தி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.